பிம்பத்தின் விளிம்பு: வெட்டி ஒட்டுதல் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

'விளிம்பு' என்ற சொல் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளில் பட்ட பாடு நமக்குத் தெரியும். விளிம்புநிலை மக்கள், விளிம்புநிலை வாசிப்பு, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி... எல்லாமே உருவகமாகப் பேசப்பட்டவை. நான் இங்கே பேச வந்தது உருவகமல்லாத ஒரு விளிம்பைப் பற்றி. போட்டோவிலிருந்து ஆளை மட்டும் வெட்டியெடுத்து வேறொரு படத்தில் ஒட்டும்போது தலைமுடியைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு கோடு மிச்சமிருக்குமே, அந்த விளிம்பு. மாடம்பாக்கத்திலிருந்து சேலையூர் வழியாகக் கிழக்குத் தாம்பரம் போகிற வழியில், தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இதைப் பார்க்காமல் போக முடியாது. பிறந்தநாள், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எந்த பிளெக்ஸை எடுத்தாலும் அதில் இந்தக் கோடு உண்டு.

சரி, இதுல என்ன இருக்கு, அரைகுறை வேலை, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அரைகுறை என்று நாம் தள்ளிவிடுகிற இந்தக் கோட்டுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது என்பதே என் வாதம். யாரை எங்கிருந்து பெயர்த்து எங்கே வைப்பது, அந்த வேலைக்குக் கூலி யார் தருவது, பெயர்த்த தடயத்தை மறைக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதன் வரலாறு.

1

வெட்டி ஒட்டுவது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வித்தையல்ல. 1857இல் இங்கிலாந்தில் ஆஸ்கார் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டுக் காட்டினார். நம் பக்கத்தில், ராஜஸ்தானத்து நாத்துவாராவில், கிருஷ்ணனை வணங்கி நிற்கும் பக்தர்களின் உடம்பை ஓவியர் வரைவார். முகத்தை மட்டும் போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டுவார். கோயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோகாமலே பக்தர் கடவுளோடு போட்டோ எடுத்துக்கொண்டாயிற்று.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் சாவுதான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே என்று மனைவி வருவார். அவரைத் தனியாக உட்காரவைத்து எடுப்பார்கள். இறந்தவரின் பழைய குரூப் போட்டோவிலிருந்து அவர் உருவத்தை பிளேடால் வெட்டுவார்கள். வெட்டிய தாளின் ஓரத்தைப் பின்பக்கமிருந்து உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குவார்கள். தாளின் கனம் தெரிந்தால் நிழல் விழும். ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் சாம்பல் வண்ணம் தொட்டு மூடி, மறுபடியும் அதைப் போட்டோ எடுத்தால் புதிய நெகடிவ் கிடைத்துவிடும். பின்னணியே வேண்டாமென்றால் நெகடிவிலேயே ஆளைச் சுற்றி ஒளி புகாத சிவப்பு மையைப் பூசுவார்கள். அச்சில் அந்த இடம் வெறும் வெள்ளையாக வரும். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழக ஸ்டுடியோப் படங்களைத் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறது. இம்மாதிரிப் படங்களை 'கலை' என்று பார்ப்பதைவிட ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையாடலாகப் பார்ப்பது சரியாக இருக்கும். நடக்காத ஒரு சந்திப்பை நடந்ததாக ஆக்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். பொய்தான். ஆனால் யாரையும் ஏமாற்றாத பொய்.

இங்கு கவனிக்க வேண்டியது, வெட்டுதல் அன்று கூலி தரப்பட்ட ஒரு தொழில். 'டச்சிங்' செய்பவர் என்று ஒருவர் இருந்தார். விளிம்பு மறைந்தது அவருடைய உழைப்பினால்.

2

அடுத்தது 'கட்-அவுட்'. இந்த ஆங்கிலச் சொல்லுக்கே 'வெட்டியெடுத்தது' என்றுதான் பொருள் என்பதை நாம் மறந்துவிட்டோம். தமிழில் அது தலைவரின் பேருருவத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. சின்ன போட்டோவின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பலமடங்கு பெருக்கிப் பலகையில் வரைவார்கள். பிறகு உருவத்தின் ஓரமாகவே பிளைவுட்டை ரம்பத்தால் அறுப்பார்கள். சினிமாவிலிருந்து அரசியலுக்குப் போன இந்த வழக்கம் 1991–96 ஜெயலலிதா ஆட்சியில் உச்சத்துக்குப் போனது. 1995 ஜனவரியில் தஞ்சை உலகத் தமிழ் மாநாடு, அதே செப்டம்பரில் வளர்ப்பு மகன் திருமணம்: இரண்டையும் பார்த்தவர்கள் அந்த உயரங்களை மறந்திருக்கமாட்டார்கள்.

பின்னணியை வெட்டியெறிவதன் அரசியல் இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. கட்-அவுட்டில் நிற்பவருக்கு ஊர் இல்லை, தெரு இல்லை, பக்கத்தில் நிற்கும் மனிதர் இல்லை. அவருக்குப் பின்னால் இருப்பது ஆகாயம் மட்டுமே. 'தன்னிகரில்லா' என்ற அடைமொழியை மேடையில் சொல்வதற்கு முன்பே ரம்பம் சொல்லிவிடுகிறது.

3

1990 பிப்ரவரியில் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. வெட்டுவதற்கான 'லாஸோ' என்ற சுருக்குக் கயிறு முதல் பதிப்பிலேயே இருந்தது. ஒட்டியதைத் தனி அடுக்காக வைத்து எப்போது வேண்டுமானாலும் நகர்த்தும் 'லேயர்' வசதி 1994இல்தான் வந்தது. அடுத்த பத்தாண்டில் டிஜிட்டல் பிளெக்ஸ் அச்சு தமிழ்நாட்டில் பரவ, பேனர் வரைந்த ஓவியர்கள் வேலையிழந்தார்கள். கட்-அவுட் ஓவியர் இருந்த இடத்தில் ஒரு பையன் மௌஸோடு உட்கார்ந்தான்.

எங்கள் பகுதிக் கடையொன்றில் பலமுறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு. டிசைன் அதற்குள் அடக்கம். வாட்ஸப்பில் இருபது முகம் வந்து விழும். "அண்ணே, நல்ல போட்டோவா அனுப்புங்க, முடியே தெரியல" என்று பையன் கெஞ்சுவான். "அதெல்லாம் நீ பாத்துக்க தம்பி, காலையில அஞ்சு மணிக்குக் கட்டணும்" என்று பதில் வரும். ஒரு முகத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடையாது. ஆக, முரட்டு வெட்டு என்பது திறமைக் குறைவல்ல, கூலி தரப்படாத நேரத்தின் அளவு.

பேனரில் எல்லா முகமும் ஒரேபோல வெட்டப்படுவதும் இல்லை. தலைவரின் படம் பின்னணி நீக்கப்பட்டு, முடியிழை முடியிழையாகச் சுத்தம் செய்யப்பட்டு, தயாராகவே வருகிறது. வட்டச் செயலாளரின் படம் ஓரளவு பரவாயில்லை. கீழே ஸ்டாம்ப் அளவில் வரிசையாக நிற்கும் இளைஞர்களுக்குத்தான் காது பாதி போயிருக்கும், தோளில் பச்சைக்கோடு இருக்கும். முகத்தின் அளவு படிநிலையைச் சொல்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. விளிம்பின் சுத்தமும் அதையே சொல்கிறது.

அந்தப் பச்சைக்கோடு எங்கிருந்து வருகிறது? டிஜிட்டல் படம் சின்னச்சின்னப் புள்ளிகளால் ஆனது. ஆளும் பின்னணியும் சந்திக்கிற இடத்திலுள்ள புள்ளி இரண்டின் நிறத்தையும் கலந்து வாங்கிக்கொள்கிறது. பாதி தோள், பாதி அவர் நின்ற சுவர். முரட்டுத்தனமாக வெட்டும்போது அந்தச் சுவரும் கூடவே வந்துவிடுகிறது. அதாவது, தலைவருக்குப் பக்கத்தில் வானத்து மேகங்களுக்கிடையே நிறுத்தப்பட்ட பையனின் தோளில் அவன் வீட்டுச் சுவரின் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவனை முழுசாகப் பெயர்க்க முடியவில்லை.

பெயர்த்துக்கொள்வதில் ஒரு விடுதலையும் உண்டு, அதை மறுப்பது நேர்மையல்ல. ஊர்த்தெருவில் நிற்க அனுமதிக்கப்படாதவன் அம்பேத்கருக்குப் பக்கத்தில், ஊர் முனையில், பத்தடி உயரத்தில் நிற்பதற்கு இந்த வெட்டு உதவியிருக்கிறது. தலித் இளைஞர்கள் வைத்த பேனர் கிழிக்கப்பட்டுத் தகராறானது தமிழ்நாட்டில் பலமுறை நடந்திருக்கிறது. கிழித்தவர்களுக்கு அந்தப் படம் என்ன சொல்கிறதென்று நன்றாகவே புரிந்திருந்தது. கலை விமர்சகர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

4

ஆனால் பிம்பத்துக்கு எடை உண்டு. 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, உயிரோடிருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று உத்தரவிட்டார். 2018 டிசம்பரில் மாநிலம் முழுவதும் பேனர் வைக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 12 அன்று, மாடம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில், பள்ளிக்கரணையில், பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் தன் வீட்டுத் திருமணத்துக்கு வைத்திருந்த பேனர் ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பொறியாளர்மேல் விழுந்தது. கீழே விழுந்த அந்தப் பெண்மீது தண்ணீர் லாரி ஏறியது. பின்னணியே இல்லாமல் வெட்டப்பட்ட முகங்கள் நிஜமான சாலையில், நிஜமான காற்றில் நின்றுகொண்டிருந்தன. ஏறிவந்தவனின் ஆசையையும் ஆள்பவனின் ஆணவத்தையும் சுமப்பது ஒரே சவுக்குக் கம்புதான் என்பதை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது.

5

இன்று வெட்டுவதற்கு ஆளே வேண்டியதில்லை. 2018இல் பின்னணியைத் தானாக நீக்கித் தரும் சேவைகள் இணையத்தில் வந்தன. 2022இல் ஐபோனில் ஆள்மேல் விரலை அழுத்தினாலே உருவம் தனியாகப் பெயர்ந்து வந்தது. விளிம்பில் முடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதை இயந்திரம் ஊகித்துக்கொள்கிறது. சேலையூர்க் கடைப் பையனின் இரண்டு நிமிடமும் போயிற்று. பச்சைக்கோடும் போய்க்கொண்டிருக்கிறது. கூடவே, இந்த ஆள் இங்கே நிற்கவில்லை, வேறெங்கிருந்தோ கொண்டுவரப்பட்டார் என்பதற்கான கடைசிச் சாட்சியமும். ஸ்டுடியோக்காரர் செய்த பொய் யாரையும் ஏமாற்றவில்லை என்று சொன்னேன், மாட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்ததால். தேர்தல் நேரத்தில் செல்பேசிக்கு வருகிற படங்களில் யார் யாரோடு நின்றார்கள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாது.

போஸ்டரும் அட்டைப்படமும் லேப்டாப்பில் நாமே செய்துகொள்கிற இயக்கத் தோழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. ஜெர்மனியில் நாஜிகளை எதிர்த்து மாண்டாஜ் செய்த ஜான் ஹார்ட்ஃபீல்ட், பத்திரிகை அச்சுக்காக ஒட்டிய தடயம் தெரியாமல் டச்சிங் செய்யவைத்தார். 1920இல் பெர்லின் டாடா கண்காட்சியில் தன் படத்தை வைத்த ஹானா ஹோக், கத்தரி போன தடத்தை அப்படியே விட்டார். இருவருமே அதிகாரத்தை எதிர்த்தவர்கள்தான். தடயமில்லாத வெட்டு எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலத்தில் ஹோக்கின் வழியே நமக்கு உகந்தது என்று நினைக்கிறேன். முரட்டு விளிம்பை அழகுக்காக வைக்கச் சொல்லவில்லை. 'இது ஒட்டப்பட்டது' என்று பார்ப்பவரிடம் ஒளிக்காமல் சொல்வதற்காக.

இன்னொன்று. வெட்டுவதற்கு முந்தைய முழுப்படத்தை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதாமல் அது அழிக்கப்படுகிறது. கழற்றிய பிளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்கும் குடிசைக்கும் கூரையாகிறது. வெட்டியெறியப்பட்ட சுவரும் தெருவும், பக்கத்தில் நின்ற அக்காவும் நம் சமூக வரலாற்றின் ஆவணங்கள். ஸ்டுடியோ நெகடிவ்களைத் தேடத் தொடங்கியபோது பாதி அழிந்திருந்தது. பிளெக்ஸ் கடைகளின் ஹார்ட் டிஸ்குகளுக்கும் அதே கதிதான் நேரப்போகிறது. அந்தந்த ஊரில் இருக்கும் நண்பர்கள் ஒரு கடையையாவது கேட்டுப் பார்க்கலாம்.