சிலிக்கா ஏரோஜெல்லின் ஃபிராக்டல் நுண்ணமைப்பு

சிலிக்கா ஏரோஜெல்லின் கன அளவில் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் காற்றுதான். எஞ்சியது, சில நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்கள் கோத்த சங்கிலி வலை. 1931இல் அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர், கூழில் (ஜெல்) இருந்த திரவத்தை மாறுநிலை வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் மேல் கொண்டுசென்று வெளியேற்றி, வலை சுருங்காமல் காத்தார்.

கூழ் உருவாகும்போது துகள்கள் அலைந்து, மோதி, ஒட்டிக்கொள்வதால் கிளைக்குள் கிளையாகக் கொத்துகள் வளர்கின்றன. திண்மப் பந்தின் ஆரம் இரட்டித்தால் நிறை எட்டு மடங்காகும். இக்கொத்துகளிலோ ஏறத்தாழ மூன்றரை மடங்குதான். ஆகவே ஆரத்தோடு நிறை கூடும் அடுக்கெண்ணான ஃபிராக்டல் பரிமாணம் 3 அல்ல, சுமார் 1.8; தயாரிப்பு முறைக்கேற்ப 2.4 அளவுக்கும் உயரும். வியப்பூட்டும் இந்த எண்ணைச் சிறுகோண எக்ஸ்-கதிர், நியூட்ரான் சிதறல் ஆய்வுகள் அளந்து தந்தன. கிளைக்குள் கிளையான இந்தத் தன்னொப்புமை பெரும்பாலும் 100 நானோமீட்டரை எட்டுவதற்குள் முடிந்துவிடும். அதற்கப்பால் பொருள் சீரானது.