ரீமிக்ஸ் பண்ண எந்தச் சொஃப்ட்வெயார் லேசு? ஒரு சின்ன வரலாறு

எங்கட விடுதி அறையில ஒழுங்கா வேலை செய்யிற லப்டொப் ஒன்றுதான் இருக்கு. அதில் நாங்கள் செய்ய நினைத்ததும் சின்ன வேலைதான். நண்பி ஒருத்தியின் அம்மம்மா பாடிய தாலாட்டு போனில் பதிவாகி இருந்தது. அதுக்குக் கீழே ஒரு தாளம் வைக்க வேணும். புதுசாத் தொடங்குறவைக்கு எது லேசு என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்லிச்சினம். கலைப்பீடப் பிள்ளைகள்தானே, கொஞ்சம் பின்னால போய்ப் பார்த்தம்.

கதை ஜமெய்க்காவில் ஒரு பிழையோட தொடங்குது. 1960களின் கடைசியில் ரடி ரெட்வூட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர் (எங்கட ஊர் ஸ்பீக்கர்காரர் மாதிரி, ஆனால் ஆட்டத்தையும் அவரே நடத்துவார்) பரகன்ஸ் குழுவின் ஒரு பாட்டுக்குப் பிரதி எடுக்கப் போனார். ஸ்டூடியோவில் குரலைச் சேர்க்க மறந்துபோச்சினம். அந்தத் தட்டை அவர் இரவு போட, குரல் இல்லாத இடத்தில சனமே பாடினது என்று சொல்லுவினம். பிறகு இசைத்தட்டின் மறுபக்கத்தில் குரலில்லாத ‘வேர்ஷன்’ போடுறது வழக்கமாகிட்டுது.

கிங்ஸ்டனில் ரேடியோவும் அம்ப்ளிஃபயரும் திருத்திக்கொண்டிருந்த கிங் டபி அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். நாலு ட்ராக் மிக்ஸரில் குரலை இறக்கி, பேஸை ஏற்றி, எதிரொலி விட்டு, ஒரே பாட்டை வேறொரு பாட்டாக்கினார். மிக்ஸர்தான் அவருக்கு வாத்தியம்.

ஆனால் அவரிடம் மூல நாடா இருந்தது. அது இல்லாத எங்களுக்கு இரண்டு கஷ்டம்: பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கிறது, இரண்டு ஒலியின் வேகத்தைப் பொருத்துறது. எது ‘லேசான’ சொஃப்ட்வெயார் என்பது, இதில எந்தக் கஷ்டத்தை அது எடுத்துவிடுது என்பதில்தான் இருக்கு.

வேகத்தை முதலில் லேசாக்கினது 1998இல் வந்த அசிட். ஒரு ஒலித்துண்டை இழுத்துப் போட்டால் சுருதி மாறாமல் பாட்டின் வேகத்துக்கு அதுவே நீளும், சுருங்கும். 2004இல் டேஞ்சர் மவுஸ் ஜேய்-ஸீயின் குரலையும் பீட்டில்ஸின் இசையையும் கலந்து ‘கிரே அல்பம்’ செய்தது இதில்தான். பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை வைத்திருந்த ஈஎம்ஐ அதை நிறுத்தச் சொன்னது. ஜேய்-ஸீயின் குரல் மட்டும் தனியாக வெளிவந்திருந்ததால் பிரிக்கிற வேலை அவருக்கு இருக்கேல்லை. எங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2019இல், டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டரை இலவசமாக வெளியிட்டபோது. இப்ப பாண்ட்லாப்பில் பிரவுசரிலேயே குரலைப் பிரிக்கலாம்.

அப்ப எதை எடுக்கிறது? எஃப்எல் ஸ்டூடியோ 1997இல் ‘ஃப்ரூட்டிலூப்ஸ்’ என்ற பேரில பெல்ஜியத்தில் பிறந்தது. வரிசையாக இருக்கிற பொத்தான்களைத் தட்டினால் தாளம் வந்திடும். ஆனால் இலவசப் பதிப்பில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க ஏலாது. தெரியாமல் இறங்கினால் ஒரு இரவு வீண். அதே மாதிரி வேலைக்கு எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். ஓடாசிட்டி வெட்டி ஒட்ட நல்லது, பழைய லப்டொப்பிலும் ஓடும். போன் மட்டும்தான் இருக்கு என்றால் யோசிக்காமல் பாண்ட்லாப்.

நாங்களும் பாண்ட்லாப்பில்தான் தொடங்கினம், அங்கதான் மாட்டுப்பட்டம். இந்தச் சொஃப்ட்வெயாருகள் எல்லாம் பாட்டு ஒரே வேகத்தில போகும் என்று நம்புது. அம்மம்மா அப்படிப் பாடேல்லை. மூச்செடுக்கிற இடத்தில நிற்பா, பிள்ளை நித்திரையாகிற மாதிரித் தெரிந்தால் மெதுவாக்குவா. கட்டத்துக்குள்ள இழுத்துப் பொருத்தினபோது அது அவவின்ர குரலாகவே இல்லை.

கடைசியில் எல்லாத்தையும் அழித்துவிட்டு ஓடாசிட்டிக்கு வந்தம். குரலைத் தொடாமல் விட்டம். அதைக் கேட்டுக்கேட்டு மேசையில தட்டி, அந்தத் தட்டலைப் பதிந்து கீழே வைத்தம். அவ நிற்கிற இடத்தில நாங்களும் நின்றம். நண்பி கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: நடுவில அம்மம்மா இருமுறதை வெட்ட வேண்டாம்.