பிறெபிளின் துள்ளெலி: ஒரு பெயரும் ஓர் ஆற்றங்கரையும்

1895 ஆம் ஆண்டில் எட்வேட் பிறெபிள் என்னும் இயற்கையியலாளர் ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்து லவ்லன்ட் நகரில் சிற்றெலி ஒன்றைப் பிடித்தார். உடலினும் நீண்ட வாலும் பாய்ந்து செல்வதற்கேற்ற நெடிய பின்னங்கால்களும் உடைய துள்ளெலி அது. அரை நூற்றாண்டிற்கும் மேலாக அதனை எவரும் தனித்து நோக்கினாரல்லர். 1954 இல் பிலிப் குறுச் என்பார் அதனைப் புல்வெளித் துள்ளெலியின் தனி உபஇனமாக வகுத்துப் பிறெபிளின் பெயரை அதற்குச் சூட்டினார். பிற்காலத்து வழக்குகள் யாவும் இப்பெயரையே சுற்றி எழுந்தன.

றொக்கி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், தென்கிழக்கு வயோமிங்கிலிருந்து கொலறாடோ ஸ்பிறிங்ஸ் வரையுள்ள ஓடைக்கரைகளே இவ்வெலியின் வாழிடமாகும். வில்லோப் புதர்களும் அடர்ந்த புல்லும் ஈரநிலமும் ஒருங்கே அமைந்தாலன்றி அது தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியை, ஏறத்தாழச் செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து மே மாதம் வரை, நிலத்தடியில் மாரித்துயிலிற் கழிக்கின்றது. எஞ்சிய குறுகிய கோடையிலேயே குட்டியீன்று, அடுத்த துயிலுக்கு வேண்டிய கொழுப்பையும் உடலிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். எனவே ஒரு கோடையில் கரைப்புதர் அழிக்கப்படின் அவ்வாண்டின் வாழ்வே அதற்கு இல்லையாகிவிடும். மனிதர் வீடும் வீதியும் நீர்த்தேக்கமும் அமைக்க விழைந்த நிலமும் இதுவே என்பதிலிருந்து பிணக்குத் தோன்றிற்று.

1973 ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினச் சட்டம் உபஇனங்களுக்கும் காப்பளிப்பது. அதன்கீழ் 1998 இல் இவ்வெலி அச்சுறுத்தலுக்குட்பட்டதெனப் பட்டியலிடப்பட்டது. நில உரிமையாளரும் நீர்த்திட்டத்தாரும் வெகுண்டனர். 2003 இல், பாதுகாப்பை நீக்குமாறு வயோமிங் மாநிலம் விண்ணப்பித்தது. டென்வர் நூதனசாலையில் றொப் றேமி என்பார் நிகழ்த்திய ஆய்வு, இவ்வெலி வடபுலத்து உறவினத்தினின்று வேறுபட்டதன்று என்றது. அதனைச் சான்றாகக் கொண்டு 2005 இல் அரசு பட்டியலிலிருந்து நீக்கம் செய்ய முன்மொழிந்தது. ஆயின் டிம் கிங் குழுவினர் மரபணுவின் மேலும் பல பகுதிகளைச் சோதித்து, இது தனித்தன்மை உடையதே என 2006 இல் அறிவித்தனர். இரு முடிபுகளையும் ஆராய்ந்த நிபுணர் குழு கிங்கின் பக்கமே சார்ந்தது. எனினும் 2013 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு இதனை மீண்டும் வடபுல உறவினங்களோடு இணைத்தது. உபஇனம் என்பது இயற்கை இட்ட எல்லைக்கோடன்று; எவ்வளவு வேறுபாடு போதும் என்பது ஆய்வாளரின் தீர்ப்பே. நீதிமன்றங்களோ அதனை ஆம், இல்லை என்னும் விடையாக வேண்டி நின்றன.

2008 இல் விந்தையானதொரு முடிபு பிறந்தது: கொலறாடோவில் மட்டும் பாதுகாப்பு, வயோமிங்கில் இல்லை. மாநில எல்லையை எலி அறியுமா என்று எள்ளியோரும் உளர். அம்முடிபுக்கு அடிப்படையான சட்டவிளக்கம் நிலைக்காமற் போகவே, 2011 இல் வயோமிங்கிலும் பாதுகாப்பு மீண்டது.

இவ்வரலாற்றில் றொக்கி பிளற்ஸ் தனித்துக் குறிப்பிடத்தக்கது. டென்வருக்கு அண்மையிலுள்ள அவ்விடத்தில் 1952 முதல் 1989 வரை அணுக்குண்டுகளுக்கான புளூற்றோனியப் பாகங்கள் உற்பத்தியாயின. அந்நச்சுத் தொழிலைச் சூழக் காவல் வேலியிட்டு ஒதுக்கிய நிலத்துள் கட்டடமோ குடியிருப்போ பெருகவில்லை. அங்குள்ள ஓடைக்கரைகளில் துள்ளெலிகள் வாழ்ந்துவந்தமை பின்னர் கண்டறியப்பட்டது. 2007 இல் அந்நிலத்தின் பெரும்பகுதி வனவுயிர்ச் சரணாலயமாகியது.