மாத உதவித்தொகையும் ஒரு நாள் அன்னதானமும்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ, வளர்ந்த ஆட்டிசப் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும், "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பாங்க?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை 18 வயதுவரைதான் உறுதி செய்கிறது. அதற்குப் பிறகும் நாற்பது ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அதற்கான பணம் பெரும்பாலும் இரண்டு கைகளிலிருந்து வருகிறது. ஒன்று அரசின் கை, இன்னொன்று ஊராரின் கை.

மனவளர்ச்சி குன்றியோருக்கும் உடல் குறைபாட்டால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 66 ரூபாய் சொச்சம். பெரியவர் ஒருவரின் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே இது போதாது. ஆனாலும் இந்தப் பணத்துக்கு ஒரு மரியாதை உண்டு. யாரிடமும் கைகூப்பாமல் வங்கிக் கணக்குக்கு வருகிறது, மாதா மாதம் வருகிறது. இதைப் பெறும் வழிதான் நீளம். மருத்துவச் சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். 18 வயதுக்கு மேல் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் சான்றும் வாங்க வேண்டும். கூட்டத்தையும் இரைச்சலையும் தாங்காத மகனைக் கூட்டிக்கொண்டு, திண்டிவனத்துத் தாய் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பஸ்ஸில் விழுப்புரம் போய்வருவது எத்தனை முறை?

ஊரார் தருவது வேறு மாதிரி. பிறந்தநாள், திருமணநாள், அப்பாவின் நினைவுநாள் என்றால், இப்படிப்பட்டவர்கள் தங்கியிருக்கும் இல்லத்துக்குப் போன் செய்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். வடை, பாயசத்தோடு இலை போடுகிறோம். மனதாரத் தருகிறோம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அந்தக் கூடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கைதட்டி வாழ்த்துப் பாடும்போது, முப்பது வயதுக்காரர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். தினமும் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர் அவர். விருந்தினர் போட்டோ எடுத்து முடிக்கும்வரை, ஒன்றரை மணிக்கு வரும் இலைக்காகக் காத்திருக்கிறார். தருபவரின் நாள் அது. சாப்பிடுபவருடைய நாள் அல்ல.

தொடர்ச்சியில் இன்னும் பெரிய வித்தியாசம் தெரியும். பொங்கல், தீபாவளிக்குச் சாப்பாடு போட ஆள் மேல் ஆள் வருவார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு யாரும் வருவதில்லை. இல்லத்தில் நிற்காமல் ஓடும் செலவோ வேறு: இரவில் விழித்திருக்கும் பராமரிப்பாளரின் சம்பளம், வலிப்பு மாத்திரை, கரண்டு பில், தொழிற்பயிற்சி ஆசிரியர். பாயசத்துக்கு உபயதாரர் கிடைப்பார், ராத்திரிக் காவலுக்குக் கிடைக்க மாட்டார்.

கணக்கிலும் இரண்டும் ஒன்றல்ல. அரசுப் பணம் தணிக்கைக்கு உட்பட்டது. நன்கொடைக்கோ பல இடங்களில் ரசீதே இருப்பதில்லை. கேள்வி கேட்க ஆள் இல்லாத காப்பகங்களில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே, விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில், உரிய பதிவு இல்லாமல் நடந்த இல்லத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடியிடம் போனது. இரக்கப்பட்டுத் தருகிறவர் கேள்வியும் கேட்க வேண்டும் என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆக, அரசுத் தொகையில் ஒழுங்கு இருக்கிறது, அளவு இல்லை. அன்னதானத்தில் மனம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. அரசு தொகையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும், சான்றுகளைத் திண்டிவனத்திலேயே முகாம் போட்டுத் தர வேண்டும். இது உரிமை, கேட்டுப் பெற வேண்டியது.

நம் பங்கு அதைவிடச் சுலபம். முப்பது பேருக்கு ஒரு வேளை, தலைக்கு 100 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். அதையே மாதம் 250 ஆகப் பிரித்தால் ஒரு வருடம் வரும். நாற்பது குடும்பங்கள் சேர்ந்தால் மாதம் 10,000 ரூபாய். ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்தில் பெரும்பகுதிக்கு ஆகும். சீட்டுப் பணத்தை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிற ஊர் இது. அப்படி ஒரு சீட்டாக இதையும் கட்டுவோம். கட்டும் முன் இல்லத்தின் பதிவுச் சான்றைக் கேளுங்கள், ரசீது வாங்குங்கள், வருடக் கணக்கைப் பாருங்கள். இந்த வருடம் உங்கள் வீட்டுப் பிறந்தநாளை அப்படித் தொடங்குங்கள்.