சர்க்கார் வாங்கிய சீமைப் பஞ்சு

ராஜபாளையத்து மில்லில் பஞ்சு பார்க்கும் வேலையிலேயே என் காலம் போனது. பேலைப் பிரித்து ஒரு பிடி எடுப்போம். கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்து இழுத்து இழைகளை ஒழுங்காக்கி, கறுப்புத் துணிமேல் படியவைத்து நீளம் பார்ப்போம். எகிப்திலிருந்து வரும் கீசா பஞ்சு பட்டுமாதிரி வழுக்கும். நூறாம் நம்பர் நூல் அதில் ஓடும். நம்ம கரிசலில் விளைகிற கருங்கண்ணிக்கு இழை குட்டை. அந்த நம்பருக்குத் தாங்காது.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். அதன்பின் மில்கள் பெருகின. 1947-ல் தேசம் பிரிந்தபோது ஆலைகள் பெரும்பாலும் இந்தியாவில் நின்றுவிட்டன. நீள இழைப் பஞ்சு விளைந்த மேற்குப் பஞ்சாபும் சிந்துவும் பாகிஸ்தானுக்குப் போயின. வெளிநாட்டை நம்பவேண்டி வந்தது.

1970-ல் இந்தியப் பருத்திக் கழகம் வந்தது. சீமைப் பஞ்சு அதன் வழியாகத்தான் வரவேண்டும் என்றானது. மில்களுக்குப் பங்கிடுவதும் அதன் பொறுப்பு. மில்காரர் நேரே பேரம் பேச வழியில்லை. ஆனால் பம்பாயில் ஆள் வைத்திருந்த பெரிய மில்லைப்போல, பத்தாயிரம் கதிர் ஓட்டிய சின்ன மில்லும் பங்கு கேட்க முடிந்தது.

இங்கிலாந்தும் இதைச் செய்து பார்த்த தேசம்தான். போர்க்காலத்தில் இறைச்சியை உணவு அமைச்சகமே மொத்தமாக வாங்கியது. 1948-லிருந்து பஞ்சை வாங்க ஓர் அரசு ஆணையம் இருந்தது. 1954-ல் இரண்டும் தனியார் வியாபாரத்துக்குத் திரும்பின. நமக்கு அந்தக் கதவு 1990-களில் திறந்தது.

சர்க்கார் வாங்குவதா, தனியார் வாங்குவதா என்ற சண்டையில் பலரும் மறப்பது விதையை. கோயம்புத்தூரில் உருவான எம்.சி.யு.5 (1968), சுவின் (1974) ரகங்கள் இறக்குமதித் தேவையைக் குறைத்தன. நடுத்தர நம்பர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் எஸ்.வி.பி.ஆர். ரகங்களைத் தந்தது.

2021-ல் இறக்குமதிப் பஞ்சுக்கு 11 சதவீதம் வரி விழுந்தது. அடுத்த ஆண்டு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஏப்ரலில் வரியைத் தற்காலிகமாக விலக்கினார்கள். கையில் முதல் இருந்தவர் சரக்கு போட்டுச் சமாளித்தார். மற்றவர் கதிரை நிறுத்தினார்.

கொள்முதல் முழுவதையும் மறுபடி சர்க்காரிடம் கொடுக்க நான் சொல்லமாட்டேன். ஆனால் சின்ன மில்களுக்காக ஒரு பங்கைக் கழகம் வாங்கி இருப்பு வைக்கட்டும். சுவின் விதைக்கும் விவசாயிக்குக் கட்டுப்படியாகிற விலை கிடைக்கட்டும்.