கூடமும் பள்ளிக்கூடமும்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோரைப் பார்த்தால், நம்மில் பலருக்கு முதலில் வருவது ஆச்சரியம். அதன் பின்னாலேயே வருவது கோபம். "என்ன துணிச்சல்!" என்று பாதி மனம் சொல்லும். "குழந்தைகளைப் பாழாக்குகிறார்களே!" என்று மறு பாதி பதறும். இது ஏதோ அமெரிக்காவிலிருந்து நேற்று வந்திறங்கிய புது நாகரிகம் என்பது பலருடைய எண்ணம். பார்க்கப் போனால், நம் சென்னைப் பட்டணத்துக்கு இது மிகப் பழைய சரக்கு. எவ்வளவு பழையது என்பதற்குச் சர்க்கார் கணக்கே இருக்கிறது.

தீவுத்திடலுக்கு அருகில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் மன்றோ துரையை அறியாத சென்னைவாசி இருக்க முடியாது. அவர் சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தபோது, 1822-ஆம் ஆண்டில், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். விவரங்கள் வந்து சேரச் சில வருஷங்கள் பிடித்தன. 1826-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவற்றையெல்லாம் தொகுத்து ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தின் ஜனத்தொகை 1,28,50,941; பள்ளிக்கூடங்கள் 12,498; படிப்பவர்கள் 1,88,650. இவையெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளையின் குரலுக்குப் பின்பாட்டுப் பாடி, எண்சுவடியை நெட்டுருப் போட்ட பிள்ளைகளின் தொகை இது.

ஆனால் சென்னை நகரத்துக் கலெக்டர் இன்னொரு தொகையையும் சேர்த்து அனுப்பியிருந்தார். வீட்டிலேயே பாடம் கேட்பவர்கள் 26,963 பேர்! பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களைப் போல் இது ஏறக்குறைய ஐந்து மடங்கு. மன்றோவுக்கே இந்த எண்ணில் சந்தேகம் தட்டியது. இதில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆனாலும் ஒன்றை அவர் ஒப்புக்கொண்டார்: உறவினர்களிடமோ, வீட்டுக்கு வரும் உபாத்தியாயரிடமோ பிள்ளைகள் பாடம் கற்பது இந்தத் தேசத்தில் எங்கும் உள்ள வழக்கந்தான், வெளி ஜில்லாக்களிலிருந்து அந்தக் கணக்கு வராததுதான் குறை. அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த நம் பூவிருந்தவல்லிப் பக்கத்து வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தாத்தாவின் மடியில் உட்கார்ந்து ஆத்திசூடி சொன்னார்களோ, அந்தக் கணக்கு யார் ஏட்டிலும் ஏறவில்லை. இந்தப் பழைய தஸ்தாவேஜுகளைத் தேடித் தொகுத்து 1983-இல் புத்தகமாக வெளியிட்டவர் தரம்பால் என்ற அறிஞர். 'நம் முன்னோர் எழுத்தறியாதவர்கள்' என்று பேசி வந்தவர்கள் அதைப் படித்துக் கொஞ்சம் திகைத்துத்தான் போனார்கள்.

இங்கே பழம்பெருமை பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு நான் விடைபெற்றுக் கொள்ளலாம். ஆனால் அதே கணக்கில் மறைந்திருக்கும் வேறொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் பாடம் கேட்க வேண்டுமானால் வீட்டில் ஏடு இருக்க வேண்டும். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவருக்குப் பொழுதும் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை வீட்டுப் பையன் தகப்பனாருக்கு ஏடு எடுத்துக் கொடுத்தே கணக்குக் கற்றிருப்பான். ஏர் பிடிப்பவன் வீட்டிலும், சேரியிலும் ஏட்டுக்கு எங்கே போவது? கணக்கில் வந்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். பெண் குழந்தைகள் சொற்பம்.

இனி நூறு ஆண்டுகளைத் தாண்டி ஒரு குடும்பத்துக்குள் எட்டிப் பார்ப்போம். சி. சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர், விஞ்ஞானி சி. வி. ராமனின் தமையனார். அவருக்கும் சீதாலட்சுமி அம்மாளுக்கும் நான்கு பிள்ளைகள், ஆறு பெண்கள். மூத்த மகன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் பிறந்தார். 1918-இல் தகப்பனாருக்குச் சென்னைக்கு மாற்றலாகிக் குடும்பம் இங்கே வந்து நிலைத்தது. பன்னிரண்டு வயது வரையில் சந்திரசேகருக்குப் படிப்பெல்லாம் வீட்டில்தான். காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் தகப்பனார் இங்கிலீஷும் கணக்கும் சொல்லிக் கொடுப்பார்; தமிழ் தாயாரிடம். வீட்டுக்கு வந்து பாடம் சொன்ன உபாத்தியாயர்களும் உண்டு. 1922-இல்தான் திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தார். அப்புறம் மாநிலக் கல்லூரி, கேம்பிரிட்ஜ், சிகாகோ. நட்சத்திரங்கள் எப்படி மடிகின்றன என்று இளம் வயதிலேயே கணக்குப் போட்டுச் சொன்ன அவருக்கு நோபல் பரிசு 1983-இல் வந்தது.

வீட்டுப் படிப்பை ஆதரிப்பவர்கள் இந்தக் கதையை ஆவலுடன் எடுத்துச் சொல்வார்கள். என் கவனமோ அந்தத் தாயாரிடம் போய் நின்றுவிடுகிறது. பத்துக் குழந்தைகளைப் பெற்று வளர்த்த சீதாலட்சுமி அம்மாள், இப்ஸன் என்ற நார்வே தேசத்து ஆசிரியரின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். கணவன் வீட்டில் பொம்மையாக இருக்க மறுத்து, கதவைத் திறந்துகொண்டு வெளியேறும் ஒருத்தியின் கதை அது. பத்துப் பேர் சாப்பாட்டுக்கும் பாடத்துக்கும் நடுவில் எந்த வேளையில் அந்த அம்மாள் பேனாவைக் கையில் எடுத்தாரோ! 1930-இல் மகன் சீமைக்குக் கப்பலேறியபோது அவர் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார், தாயார்தான் போகும்படி வற்புறுத்தி அனுப்பினார். அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில். நோபல் பரிசின்போது எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் சந்திரசேகர் தம் தாயாரின் அறிவையும், அந்த மொழிபெயர்ப்பையும் மறவாமல் குறிப்பிட்டிருக்கிறார்.

பள்ளிக்கூடமும் இல்லாமல், வீட்டுப் பாடமும் ஒழுங்காகக் கிடைக்காமல் முட்டி மோதி மேலே வந்தவர்களும் உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாளை நம் வாசகிகள் மறந்திருக்க மாட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள நீர்வளூரில் 1901-இல் பிறந்தவர். ஐந்து வயது தாண்டியதுமே கல்யாணம். கதை சொல்லத் தெரிந்தது. சரளமாக எழுதத் தெரியவில்லை. தம் முதல் நாடகமான 'இந்திரமோகனா'வைச் சிநேகிதி பட்டம்மாளிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைத்தார். பின்பு எழுதவும் நன்றாகக் கற்றுக்கொண்டு, 'ஜகன்மோகினி'ப் பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அவருக்குக் கூடமே பள்ளிக்கூடம், தோழியே உபாத்தியாயினி.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் நான் துருவுவதற்குக் காரணம், நான் குடியிருக்கும் அம்பத்தூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு குடும்பம் இருப்பதுதான். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-இல் ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போயிற்று. அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அதே பாதையில் விடியற்காலை லோக்கல் வண்டியைப் பிடித்து வேலைக்குப் போகிறார். மனைவி முன்பு வேலை பார்த்தவர். இப்போது இரண்டு குழந்தைகளுக்கு உபாத்தியாயினி. அம்மாள் கறிகாய் நறுக்கும்போது பெரியவள் பத்திரிகையை உரக்க வாசிக்கிறாள். பால் கணக்கையும் மளிகைக் கணக்கையும் சின்னவன் கூட்டுகிறான். பாட்டி சொல்லும் கதைகளைப் பெண் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறாள். மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டில் பேச்சே கிடையாது. ஆளுக்கு ஒரு புத்தகம். சாயங்காலம் மூவருமாக நூலகத்துக்கு நடக்கிறார்கள்.

அந்த அம்மாளிடம் ஒருநாள், "உங்களுக்கென்று ஏதாவது படிக்க முடிகிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

"குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவதுதான் சார் என் படிப்பு" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு, "எனக்காக ஒரு நாவல் எடுத்து வந்தேன். மூன்று தடவை தவணை நீட்டியும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்று சொன்னார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009-இல் இயற்றிய சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றி வாய் திறக்கவில்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பரீட்சை எழுதுகிறார்கள். ஆகவே அதைப் பற்றி அதிகம் வளர்த்த வேண்டாம்.

வளர்த்த வேண்டியது வேறு. ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது இந்த மாகாணத்தின் முதல்மந்திரி காமராஜர்; தாமே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மத்தியானச் சோறு போட்டாவது குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்க வேண்டும் என்று அவர் பாடுபட்டது ஏன்? வீட்டில் ஏடும் இல்லை, வாசிப்பவரும் இல்லை என்ற நிலையில் லட்சக்கணக்கான பிள்ளைகள் இருந்ததால்தான். பின்னால் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவர்கள். அவர்களிடம் போய்ப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று யார் சொல்லத் துணிவார்கள்?

வீட்டுக் கூடத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொதுவான இடமாக இன்று இருப்பது நூலகம் ஒன்றுதான். சுதந்தர இந்தியாவிலேயே முதல் நூலகச் சட்டம் 1948-இல் நம் மாகாணத்தில்தான் வந்தது. அதற்காக ஓயாமல் உழைத்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். எங்கள் கிளை நூலகத்தின் பெஞ்சியில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும், அவனுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்ணும் ஒரே படக்கதையைப் பங்கு போட்டுப் படித்ததைப் பார்த்திருக்கிறேன். யார் எங்கே படிக்கிறார்கள் என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் வைத்துக் கற்பிக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் சொல்லிக் கொடுக்கப் போகிறவர் யார், அவருடைய பொழுதில் அவருக்கென்று எத்தனை நாழிகை மிஞ்சும் என்பதை முதலில் கணக்குப் பாருங்கள். மன்றோ துரை தம் குறிப்பில் வீட்டில் கற்றவர்களின் தொகையைக் கொடுத்தார். கற்பித்தவர்களின் தொகை அதில் இல்லை. இருநூறு வருஷமாக விட்டுப் போன அந்தக் கணக்கை இனிமேலாவது ஒவ்வொரு வீட்டிலும் எழுதத் தொடங்கலாம். மத்தியான வேளையில் சின்னவனுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பைத் தகப்பனார் வாரம் இரண்டு நாளாவது ஏற்றுக்கொண்டால், நூலகத்துக்குத் திரும்பிப் போன அந்த நாவல் மறுபடியும் வீட்டுக்கு வரும்.