ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கினா போலீஸ் கேஸ் ஆகுமா? சட்டம் சொல்வது இதுதான்!

பைபாஸில் ஒரு பைக் சறுக்கி விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் ரத்தக் காயத்தோடு ஒருவர். நாலு பேர் வண்டியை ஓரங்கட்டுகிறார்கள். ரெண்டு பேர் செல்போனை எடுக்கிறார்கள், வீடியோ எடுக்க! "தூக்கிட்டுப் போனா ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையணும். நமக்கெதுக்கு வம்பு?" என்று யாரோ முணுமுணுக்க, கூட்டம் அப்படியே நிற்கிறது.

இப்படி நிற்பவர்கள் எல்லோரும் கல்மனசுக்காரர்கள் இல்லை. பலருக்கும் பயம்தான். ஆனா அந்தப் பயத்துக்கு இப்போ சட்டத்தில் இடமே இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மத்திய அரசின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105.

சட்டம் என்ன சொல்லுது?

உதவுபவர்களைப் பாதுகாக்க 2015-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

எந்தப் பலனும் எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு தானாக முன்வந்து உதவுபவரைத்தான் சட்டம் 'குட் சமாரிட்டன்' என்கிறது. அவர் உதவும்போது தெரியாமல் தவறு நடந்து, காயம்பட்டவருக்குப் பாதிப்பு ஏற்பட்டாலோ, உயிரே போனாலோ கூட, அதற்காக அவர் மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ பாயாது.

உங்க உரிமைகள் என்னென்ன?

* பெயர், முகவரி, போன் நம்பரைச் சொல்லியே ஆகணும் என்று போலீஸோ வேறு யாருமோ கட்டாயப்படுத்த முடியாது.
* ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம். பிடித்து வைக்கக் கூடாது, அட்மிஷனுக்குப் பணமும் கேட்கக் கூடாது.
* சாட்சி சொல்வது உங்க விருப்பம். சம்மதித்தால், உங்களுக்கு வசதியான நேரத்தில், வீட்டிலோ வேலை பார்க்கும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வந்துதான் போலீஸ் விசாரிக்கணும்.
* ஸ்டேஷனுக்கு நீங்களே போனால், ஒரே தடவையில் விசாரணையை முடிக்கணும்.

ஒரு விஷயம் கவனிங்க. இந்தப் பாதுகாப்பு, விபத்தை ஏற்படுத்திய டிரைவருக்குக் கிடையாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் 134-வது பிரிவின்படி அவர் கடமை.

சிகிச்சைச் செலவு யார் தலையில்?

கொண்டுபோய்ச் சேர்த்தவர் தலையில் இல்லை. போலீஸ், சட்ட நடைமுறைகளைக் காரணம் காட்டி அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என 1989-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கப்பட்டது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்டவர் வெளிமாநிலத்தவர் என்றாலும் இது பொருந்தும்.

பரிசும் உண்டா?

உண்டு. படுகாயம் அடைந்தவரைக் 'கோல்டன் ஹவர்' எனப்படும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்து உயிரைக் காப்பாற்றுபவருக்கு 2021 முதல் ரூ.5,000 வழங்கப்பட்டது. 2025-ல் 'ராஹ்-வீர்' திட்டம் மூலம் இது ரூ.25,000 ஆனது.

ஸ்பாட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் 108. பக்கத்தில் உள்ள கடை, பாலம், கிலோமீட்டர் கல், எந்த ஊர் போகும் பக்கம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்க.
* ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிங்க. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீங்க.
* மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.
* கழுத்து, முதுகில் அடிபட்டிருக்கலாம். தீ, டிராஃபிக் போன்ற ஆபத்து இல்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைப்பது நல்லது.
* ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் வழி விடுங்க. விடாவிட்டால் ரூ.10,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்கிறது 194இ பிரிவு.

கூட்டம் சேர்ந்தும் ஏன் உதவி வருவதில்லை?

"யாராவது போன் பண்ணியிருப்பாங்க" என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வதுதான் காரணம். முடிவில் யாருமே பண்ணியிருக்க மாட்டார்கள்.

இதற்கு வழி சிம்பிள்தான். பொதுவாகக் கத்தாமல், ஆளைக் கைகாட்டி வேலையைப் பிரித்துக் கொடுங்க. "மஞ்சள் சட்டை அண்ணே, நீங்க 108-க்குப் போன் போடுங்க. அக்கா, நீங்க துணி கொடுங்க. தம்பி, நீ வண்டிகளை ஒதுக்கி விடு" என்று ஒருத்தர் சொன்னால் போதும். வேடிக்கை பார்த்த கூட்டமே உதவி செய்யும் கூட்டமாக மாறிவிடும். அந்த ஒருத்தர் நீங்களாக இருக்கலாம்.